16,667 ரூபாய் பாக்கியும் 4,07,200 ரூபாய் கல்விக் கடனும்: சிபில் சரியில்லாத ஒரு மாணவரின் வழக்கு

2023 மே மாதக் கடைசியில் கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் ஓர் இடைக்கால உத்தரவு போட்டார். மாணவர் ஒருவருக்குத் தர மறுத்த கல்விக் கடன் தொகையான 4,07,200 ரூபாயை அவருடைய கல்லூரிக்கு உடனே செலுத்த வேண்டும் என்று பாரத ஸ்டேட் வங்கிக்குச் சொன்ன உத்தரவு அது. சிபில் ஸ்கோர், அதாவது வாங்கிய கடன்களைக் கட்டிய வரலாற்றை வைத்துத் தரப்படும் மூன்று இலக்க மதிப்பெண், குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவரின் கல்விக் கடன் விண்ணப்பத்தை வங்கி தள்ளியிருக்கக் கூடாது என்பது அதிலிருந்த முக்கிய வரி. மறுநாளே இது நாடு முழுக்கச் செய்தியானது. "இனி சிபில் பார்க்காமல் கல்விக் கடன்" என்கிற அளவுக்கு வாட்ஸ்அப்பில் சுற்றியது. வழக்கைப் படித்தால் அவ்வளவு பெரிய வாக்குறுதி எதுவும் அதில் இல்லை. ஆனாலும் கடன் வரலாறு கெட்டுப்போன வீட்டிலிருந்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறவர்கள் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

மாணவரின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் ஏற்கெனவே இரண்டு கடன்கள் வாங்கியிருந்தார். ஒன்றில் 16,667 ரூபாய் தவணை பாக்கி. இன்னொன்றை வங்கி ரைட்-ஆஃப் செய்திருந்தது. இந்த இரண்டு பதிவுகளும் சேர்ந்து ஸ்கோரைக் கீழே இழுத்துவிட்டன, கல்விக் கடன் மறுக்கப்பட்டது. பாக்கித் தொகையையும் கேட்ட தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்டதில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு ரூபாய்தான் பாக்கி. அந்தச் சிறு பாக்கி தன்னைப்போல் 24 மடங்குத் தொகையின் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

ஸ்கோர் கணக்குக்கு பாக்கி எவ்வளவு என்பதைவிட எத்தனை நாள் கட்டாமல் கிடந்தது என்பது முக்கியம். ஸ்கோர் போடும் நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே கடைசி 36 மாதத் தவணை வரலாறு கட்டம் கட்டமாக இருக்கும். எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று அதில் எழுதியிருக்கும். 90 நாள் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடன். அது வீட்டுக் கடனாக இருந்தாலும் சரி, செல்போன் வாங்கிய இஎம்ஐயாக இருந்தாலும் சரி, 90 நாள் 90 நாள்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் போனுக்கும் பைக்குக்கும் சுலபமாகத் தவணைக் கடன் கிடைக்கிற காலத்தில், கல்லூரிக்குள் நுழையும் முன்பே கெட்ட வரலாற்றோடு ஒருவர் நிற்பது ஆச்சரியமில்லை.

ரைட்-ஆஃப் பற்றி மக்களிடம் பெரிய குழப்பம் இருக்கிறது. வங்கி ரைட்-ஆஃப் செய்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடு மட்டுமே. வாங்கியவர் அந்தப் பணத்துக்கு இன்னமும் கடனாளிதான். வங்கி வசூலுக்கு வரலாம், கடனை வேறு நிறுவனத்துக்கு விற்கவும் செய்யலாம். அறிக்கையில் விழும் பதிவுகளில் இதைவிட மோசமானது அதிகமில்லை. "செட்டில்டு" என்பது இதற்கு ஒரு படி மேல். வட்டியிலோ அசலிலோ கொஞ்சம் விட்டுக்கொடுத்து வங்கி முடித்துக்கொண்டது என்று பொருள். முழுத் தொகையும் கட்டி முடித்தால்தான் "குளோஸ்டு" என்று வரும். அடுத்த வங்கியின் மேலாளர் முதலில் தேடுவது இந்தச் சொற்களைத்தான், மூன்று இலக்க ஸ்கோர் அதற்கு அப்புறம்.

வங்கி சொன்னது

வங்கியின் வாதத்தைச் சுருக்கமாகத் தள்ளிவிட முடியாது. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த கல்விக் கடன் திட்டத்துக்கும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்களுக்கும் எதிராக இப்படியொரு இடைக்கால உத்தரவு கேட்கப்படுகிறது என்றது வங்கித் தரப்பு. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005, அதன் கீழ் 2006இல் வந்த விதிகள், வங்கியின் சொந்தச் சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, மனுதாரர் இருக்கும் நிலையில் கடன் கொடுக்க இவை இடம் தரவில்லை என்று வாதிட்டது.

கிளை மேலாளர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் இதன் நியாயம் புரியும். கல்விக் கடனில் வராமல் போகும் பணம் அதிகம். 2020 டிசம்பர் முடிவில் நிலுவையில் இருந்த கல்விக் கடன்களில் 9.55 சதவீதம் வாராக்கடன் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அடமானம் இல்லாத கடன், கையில் சம்பளம் இல்லாத கடனாளி, வேலை கிடைக்குமா என்றே தெரியாத படிப்பு. இந்த நிலையில் கணினியில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தால், அதை மீறிக் கையெழுத்துப் போட எந்த மேலாளர் முன்வருவார்? நாளை கடன் வாராமல் போனால் விளக்கம் கேட்கும் கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும். ஆகவே மறுப்பது அவருக்குப் பாதுகாப்பு. கல்விக் கடன் மறுப்புகளில் பாதிக்குக் கொள்கையைவிட இந்தப் பயமே காரணம் என்பது என் எண்ணம்.

நீதிமன்றம் எடுத்த வழி

நீதிபதி விதிகளை ஒவ்வொன்றாக உடைக்கவில்லை. கல்விக் கடன் எதற்காக இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். மாணவர்கள் நாளைய நாட்டைக் கட்டப்போகிறவர்கள், கல்விக் கடன் விண்ணப்பங்களை வங்கிகள் மனிதாபிமானத்தோடு பார்க்க வேண்டும் என்றார். வங்கிகள் நுணுக்கம் பார்த்துக்கொண்டு நிற்கலாம், நீதிமன்றம் நடைமுறை உண்மைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பது உத்தரவின் சாரம்.

மனுதாரர் தரப்பு கையில் வைத்திருந்தவை இரண்டு. முதலாவது அதே நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அது பெற்றோரின் கடன் வரலாறு சரியில்லாததால் பிள்ளைக்குக் கடன் மறுக்கப்பட்ட வழக்கு. பெற்றோரின் ஸ்கோரைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்க முடியாது, படித்து முடித்தபின் மாணவர் திருப்பிச் செலுத்தும் திறனே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. இரண்டாவது, மாணவருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த வேலை வாய்ப்புக் கடிதம். ஒரு பன்னாட்டு நிறுவனம் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பணம் உடனே வராவிட்டால் படிப்பே சிக்கலாகிவிடும் என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது.

வேலைக் கடிதம்தான் இந்த வழக்கின் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன். செய்திகளில் "சிபில் காரணமாக மறுக்கக் கூடாது" என்ற வரி பெரிதாக வந்தது, கடிதம் ஒரு மூலையில் போனது. ஆனால் உத்தரவிலேயே நீதிபதி அதைத் தனியாகக் குறிப்பிடுகிறார். திருப்பிச் செலுத்தும் திறன் எதிர்காலத்தில்தான் இருக்கிறது என்று 2020 தீர்ப்பு சொன்னதற்கு, இந்த மாணவர் கையில் காகிதச் சாட்சி இருந்தது. அது இல்லாத ஒரு முதலாண்டு மாணவர் இதே உத்தரவைக் காட்டினால், வங்கி வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்தக் கடிதத்தைத்தான்.

பணம் மாணவர் கைக்குப் போகாமல் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று சொன்னதையும் கவனிக்க வேண்டும். கல்விக் கடனில் அது வழக்கமான நடைமுறைதான். என்றாலும் ஏற்கெனவே தவணை தவறிய ஒருவர் விஷயத்தில், பணம் படிப்புக்குத்தான் போகிறது என்ற உறுதி கிடைக்கிறது.

இந்த உத்தரவு எங்கே நின்றுவிடுகிறது

இது இடைக்கால உத்தரவு. இரு தரப்பில் யாருக்கு இப்போது அதிகப் பாதிப்பு என்று எடைபோட்டு, மாணவர் பக்கம் சாய்ந்தது. சிபில் பார்ப்பதே தவறு என்று அது எங்கும் சொல்லவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தின் உத்தரவு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, முன்னுதாரணமாக எடுத்துக்காட்டலாம், அவ்வளவே.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. பொதுத்துறை வங்கி அரசமைப்பின் பார்வையில் அரசின் ஓர் அங்கம். அதனால்தான் 226ஆவது பிரிவின் கீழ் நேராக உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு, அதாவது அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கேட்கும் மனுவோடு, போக முடிந்தது. தனியார் வங்கி மீது பொதுவாக இந்தக் கதவு திறக்காது. உச்ச நீதிமன்றம் 2003இலேயே ஃபெடரல் வங்கி வழக்கில் அதைச் சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனாலும், கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் வணிக முடிவு என்ற வகையில் அடங்கினால் அதை அவர் விசாரிக்க மாட்டார். பதில் சொல்லாமல் இழுத்தடித்தார்கள், காரணம் எழுதித் தரவில்லை என்பது போன்ற சேவைக் குறைகளுக்கு அவரிடம் போகலாம். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும்.

ஆகவே தனியார் வங்கியிலோ என்பிஎஃப்சி எனப்படும் வங்கியல்லாத நிதி நிறுவனத்திலோ மறுக்கப்பட்டவருக்கு இந்த வழக்கால் நேரடி லாபம் ஏதும் இல்லை. பொதுத்துறை வங்கியில் எழுத்துபூர்வமாக மறுக்கப்பட்டவருக்குத்தான் இது பிடிமானம். "எழுத்துபூர்வமாக" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளையில் வாய்மொழியாக "உங்க அப்பா சிபில் சரியில்லைங்க, வராது" என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. விண்ணப்பமே வாங்காதபோது மறுத்ததற்கு ஆதாரம் ஏது? வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, விண்ணப்பத்தை நிராகரிக்க அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும், காரணத்தையும் மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யா லட்சுமி இணையதளம் வழியாகப் போட்டால் விண்ணப்பித்த தேதியாவது பதிவில் இருக்கும். அங்கே ஒரே படிவத்தில் மூன்று வங்கிகள் வரை தேர்ந்தெடுக்கலாம்.

அப்பாவின் ஸ்கோர் ஏன் உள்ளே வருகிறது

கேரள மாணவரின் சிக்கல் அவருடைய சொந்தக் கடன்களால் வந்தது. நம் ஊரில் அதிகம் பார்ப்பது 2020 வழக்கின் வகையை. பிள்ளைக்கு எந்தக் கடனும் இருக்காது. அப்பா டிராக்டருக்கோ கடைக்கோ வாங்கிய கடன் கொரோனா காலத்தில் தவறியிருக்கும். அம்மா குழுக்கடனில் இருப்பார். இல்லையென்றால் யாரோ சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஜாமீன் போட்ட கடன் தவறினாலும் அது ஜாமீன்தாரரின் அறிக்கையில் தெரியும் என்பது பலருக்கு அந்த நாளில்தான் தெரியவருகிறது.

இதற்குக் காரணம் திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரை அடமானமும் வேண்டாம், வெளி ஜாமீனும் வேண்டாம். ஆனால் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகச் சேர வேண்டும். 4 லட்சத்துக்கு மேல் 7.5 லட்சம் வரை முன்பு மூன்றாம் நபர் ஜாமீன் கேட்டார்கள். 7.5 லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து அடமானம். கூட்டுக் கடனாளி என்று ஒருவர் சேர்ந்துவிட்டாலே, மற்ற எந்தக் கடனையும் போல வங்கியின் கணினி அவருடைய அறிக்கையையும் எடுத்துவிடும். எதிர்கால வருமானத்தை நம்பித் தருகிற கடன் என்று திட்டம் ஒரு பக்கம் சொல்கிறது, கடந்த காலத்தைச் சோதிக்கிற ஆளை இன்னொரு பக்கம் கையெழுத்துக்குக் கூப்பிடுகிறது. 2020 தீர்ப்பு தொட்டது இந்த முரண்பாட்டைத்தான். திட்டத்தைத் திருத்தி எழுதாதவரை மறுப்புகளும் வழக்குகளும் வந்துகொண்டேதான் இருக்கும்.

வங்கியின் பயத்துக்கு அரசு ஏற்கெனவே ஒரு மருந்து கொடுத்திருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. 2015இல் கல்விக் கடனுக்கென ஒரு கடன் உத்தரவாத நிதி தொடங்கப்பட்டது. அடமானமும் வெளி ஜாமீனும் வாங்காமல் தரப்படும் 7.5 லட்சம் வரையான கடன் தவறிப்போனால், தவறிய தொகையில் 75 சதவீதத்தை அந்த நிதி வங்கிக்குத் தரும். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்திலும் இதே 75 சதவீத உத்தரவாதம் உண்டு. அதில் பட்டியலிட்ட உயர்தரக் கல்லூரிகளில், தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 சதவீதச் சலுகை. மேலாளரிடம் பேசப் போகிறவர் சிபில் பற்றி மன்னிப்புக் கேட்கும் தொனியில் தொடங்காமல், இந்த உத்தரவாதத்தின் கீழ் என் விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள் என்று எழுதித் தருவது நல்லது.

விண்ணப்பத்துக்கு முன்

வழக்குப் போட்டு ஜெயிப்பதைவிட ஆறு மாதம் முன்னதாக அறிக்கையைப் பார்ப்பது மலிவு. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு எழுதும்போதே அப்பா, அம்மா, பிள்ளை மூவருடைய அறிக்கையையும் எடுத்துவிட வேண்டும். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. ஒரே வாரத்தில் ஏழெட்டு வங்கியில் விண்ணப்பம் போட்டால்தான் குறையும்.

பார்த்தால் மூன்று வகைப் பிரச்சினை தெரியவரும். ஒன்று தவறான பதிவு: கட்டி முடித்த கடன் திறந்தே கிடக்கும், வேறு யாருடைய கடனோ நம் பெயரில் இருக்கும். புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டாவது, 16,667 ரூபாய் போன்ற சிறு பாக்கி. நகையை வைத்தாவது அதை முழுதாகக் கட்டி "குளோஸ்டு" என்று மாற்றிக்கொள்வதுதான் லாபம். பாதி கட்டிச் செட்டில்மெண்ட் போட்டால் அந்தச் சொல் அறிக்கையில் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கடன் முடிந்ததற்கான சான்றிதழையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது இந்த நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், முன்பு போல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, உடனே கட்ட முடியாத பெரிய கடன். அங்கே பெற்றோரில் யாருடைய வரலாறு சுத்தமாக இருக்கிறதோ அவரைக் கூட்டுக் கடனாளியாக்கலாமா என்று கேட்பதுதான் வழி. அப்பா பெயரையே போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எந்த வரலாறுமே இல்லாதவர் நிலை வேறு. முதல்முறை கடன் கேட்பவரை, முந்தைய வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பு விதிகள் சொல்கின்றன. நிதி இணை அமைச்சர் நாடாளுமன்றத்திலும் அதைச் சொன்னார். ஆனால் இது வரலாறு இல்லாதவருக்கு, கெட்ட வரலாறு உள்ளவருக்கு இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன.

கடன் தொகையையே குறைத்துவிட்டால் சிபில் பிரச்சினையும் அந்த அளவுக்குக் குறையும். தமிழ்நாட்டில் இதற்கு வழி உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். இவற்றில் எதற்கும் யாரும் சிபில் கேட்பதில்லை. கலந்தாய்வில் வந்த இடத்தை விட்டுவிட்டு, மேனேஜ்மெண்ட் கோட்டாவில் "நல்ல கல்லூரி" என்று சேர்கிறவர் கட்டணச் சலுகையை இழக்கிறார், வட்டிச் சலுகையையும் பெரும்பாலும் இழக்கிறார். கெட்ட ஸ்கோரோடு அந்த முடிவை எடுப்பது வீட்டுக்கு இரட்டைச் சுமை.

கடன் கிடைத்தபின் அது யாருடைய அறிக்கையில் ஏறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவர், கூட்டுக் கடனாளி இருவருடைய அறிக்கையிலும் ஏறும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வேலை கிடைக்கத் தாமதமானால் தவணை தொடங்கும் முன்பே வங்கிக்குப் போய்க் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும், 90 நாள் தாண்டிய பிறகு போனால் பதிவு விழுந்திருக்கும். அந்தப் பதிவு வேலைக்கும் குறுக்கே வரலாம். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம் அவருடைய கடன் அறிக்கையைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. வாங்கிய கடனையெல்லாம் வேலைக்கான அறிவிக்கை வரும் முன்பே கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதிட்டார். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் வேலைக்கு நிதி ஒழுக்கம் தேவை என்று கூறி, அந்த ரத்தை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சரியென்றது.